பட்டமும் கடனும்: வாசகர் வட்ட ஆண்டு விழா உரை

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் வந்திருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

கல்விக் கடன், பட்டதாரியின் சம்பளம், பட்டத்தின் மதிப்பு என்னும் மூன்றைப் பற்றியும் பேசவே வந்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது கல்லூரிச் சேர்க்கைக்கும் பொருந்தும். நான்கு லட்சம் வரை பிணை கேட்காமல் வங்கி கடன் கொடுக்கிறது. அது நல்ல திட்டம்தான். ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு ஆண்டுகள் வாங்கி, வட்டி பத்து விழுக்காடு என்றால், படிப்பு முடிந்து தவணை கட்டத் தேவையில்லாத ஓராண்டு விடுப்பும் கழியும்போது கடன் ஏறத்தாழ 5,40,000 ரூபாயாகியிருக்கும். பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏழாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். பதினைந்தாயிரம் சம்பளத்தில் சேரும் பிள்ளை ஏழாயிரத்தை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் விடுதி வாடகையும் சாப்பாடும் பார்த்து, வீட்டுக்கு என்ன அனுப்புவான்?

எங்கள் தெருவில் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போனார். வாசலில் பெரிய பதாகை. அதில் கோட்டும் டையும் அணிந்த மாணவன் ஒருவன், பக்கத்தில் “ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம்”. அண்ணன் அலுவலக மேசையில் இருந்தவரிடம், “சார், இந்தத் தம்பியோடு எத்தனை பேர் படித்தார்கள்?” என்று கேட்டார். “அறுபது பேர்.” “மீதி ஐம்பத்தொன்பது பேர் எங்கே சார்?” அவர் சற்றும் தயங்காமல், “எங்கள் பேருந்து உங்கள் ஊர் வரைக்கும் வரும்” என்றாராம்! (சிரிப்பு, கைதட்டல்.) அண்ணனும் விடவில்லை: “பேருந்து வரும் சார், சம்பளம் வருமா?” மேசைக்காரர் பதில் சொல்லாமல் விடுதிக் கட்டண அட்டையை நீட்டியிருக்கிறார். இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணனே விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் பையனை அங்கேதான் சேர்த்தார், ஏனென்றால் பக்கத்துக் கல்லூரியிலும் அதே பதில்தான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம். ஆழத்தைக் கல்லூரி மறைத்தால் தகப்பன் எதை வைத்து அளப்பான்? தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளத்தை, அதாவது சம்பள வரிசையில் சரியாக நடுவில் நிற்பவர் வாங்கும் தொகையை, கணக்குக் காட்டித்தான் ஆகவேண்டும். விண்ணப்பிக்காத கல்லூரிக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே நாங்கள் வலியுறுத்துவது ஒன்றுதான்: கலந்தாய்வு தொடங்கும் முன்பே, சேர்ந்தவர் எத்தனை, தேறியவர் எத்தனை, வேலை பெற்றவர் எத்தனை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பதைப் பாடப்பிரிவு வாரியாக, தணிக்கையாளர் கையொப்பத்துடன் ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட வேண்டும்.

பட்டத்தின் மதிப்பைப் பற்றியும் பேச வேண்டும். ஆனால் தலைவர் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு அனுப்பவிருக்கும் கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பெற்றோர்கள் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்திட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.