நம்ம வீடு எந்த பேஸ்ல இருக்கு?

வணக்கம் மக்களே, மண்டபத்துலருந்து பேசுறேன், காத்து சத்தம் கேக்கும் பொறுத்துக்கங்க, இங்கன வடக்கயும் கடல் தெக்கயும் கடல். இன்னைக்கு மீனு இல்ல, கரண்டு.

ராத்திரி ஏழு மணியானா எங்க வீட்டு பேன் றெக்கையை எண்ணிரலாம், எதுத்த பெரியம்மா வீட்ல லைட்டு பளிச்சுனு எரியும். ஒரே டிரான்ஸ்பார்மர்தான், ஆனா அதுலருந்து மூணு பேஸ் வருது, அதாவது கரண்டு வர்ற மூணு தனித்தனி கம்பி, அதோட மூணுக்கும் பொதுவா திரும்பி போற கம்பி ஒண்ணு, அதுதான் நியூட்ரல், சிங்கிள் பேஸ் வீட்டுக்கு மூணுல ஒண்ணு மட்டும்தான் இழுத்துருப்பாங்க. அந்த ஒண்ணுல ஏசியும் மோட்டரும் குவிஞ்சா அது மட்டும் படுத்துரும்.

சரி, யாரு எந்த பேஸ்? இந்த உப்புக்காத்துல ஜாயின்ட் பூத்துப்போயி சர்வீஸ் வயர் அத்துரும், கொட்டுற மழைல வந்து மாட்டுறவரு அப்ப எந்த கம்பி உசிரோட இருக்கோ அதுல மாட்டிட்டு போவாரு, அவர சொல்லி குத்தமில்ல, ஆனா எழுதி வச்சது ஒண்ணு போஸ்ட்ல இருக்கது ஒண்ணுன்னு ஆயிருது.

அதான் நாங்க அஞ்சு வீட்டுக்காரங்க வீடியோ கால் போட்டு, ஆறரைலருந்து எட்டு வரைக்கும் ஒரே நேரத்துல மீட்டர்ல வோல்டேஜ் பாத்து எழுதுனோம். இங்க ஒரு விசயம், நம்பர் ஒத்துப்போகணும்னு இல்ல, டிரான்ஸ்பார்மருக்கு தள்ளி இருக்க வீட்ல கொறச்சலாத்தான் காட்டும். ஏறி இறங்குறது ஒண்ணுபோல இருக்கான்னு பாக்கணும். தெருமுனை வெல்டிங் பட்டறை மிசின் போட்டதும் எங்க வீடு 198லருந்து 189, டைலர் அக்கா கடையும் அதே நொடில தொபுக்குனு இறங்குச்சு. பெரியம்மா வீடு? 236ல இருந்தது 239! நானே நம்பல. ஒரு பேஸ்ல லோடு ஏறுனா நியூட்ரலும் கொஞ்சம் அந்த பக்கம் நகரும், அதனால மத்த பேஸ் லேசா தூக்கும், அம்புட்டுதான்.

ஸ்மார்ட் மீட்டர்ல பதிவாகுற வோல்டேஜ வச்சு கம்ப்யூட்டர் போடுறதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஆனா இதுல யாரு யாரு கூட்டாளின்னு மட்டும்தான் தெரியும், அந்த பேஸ் ஆரா, ஒய்யா, பியான்னு தெரியாது (செவப்பு, மஞ்ச, நீலம்னு மூணு பேஸுக்கும் வச்ச இங்கிலீஷ் பேரோட மொத எழுத்து அது). அதுக்கு ஒரு வீட்டையாச்சும் நேர்ல கம்பிய பாத்து உறுதி பண்ணணும், அது லைன்மேன் வேலை, நீங்க டெஸ்டர தூக்கிட்டு போஸ்ட்ல ஏறிராதீங்க சாமி.

லைன்மேன் அண்ணன் வந்து பாத்தாரு, நாங்க ஒய், பெரியம்மா பி. ரெண்டு வீட்ட அங்கிட்டு மாத்துறேன்னாரு. பெரியம்மா வாசல்லயே நின்னு கேக்குறாக, "ஏப்பா, அப்ப எங்க வீட்டு லைட்டு மங்கிராதுல்ல?"