வாசகர் வாக்கும் எண்ணுவோர் கையும்

நேயர்களுக்கு வணக்கம்.

அறிவியல் புனைகதை வாசகர்கள் தாங்களே வாக்களித்துத் தரும் ஹியூகோ விருது, 1953ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் தொடங்கியது. இதற்கு நடுவர் குழு கிடையாது. ஆண்டுதோறும் ஊர் மாறி நடக்கும் அம்மாநாட்டுக்குக் கட்டணம் செலுத்தி உறுப்பினராகும் எவரும், நேரில் போகாவிட்டாலும், படைப்புகளை முன்மொழியலாம். இறுதிப் பட்டியலுக்கு வாக்கும் அளிக்கலாம். வாக்குகளை எண்ணுவோரும் ஊதியமில்லாத ஆர்வலர்களே. இத்தகைய விருதில் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதைவிட, அவ்வாக்குகள் எவ்விதியின்படி எண்ணப்பட்டன, அந்தக் கணக்கு வெளியே வந்ததா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

முன்மொழியும் கட்டத்தில்தான் பெரிய ஓட்டை இருந்தது. ஓராண்டில் வெளியாகும் சிறுகதைகள் ஏராளம் என்பதால் வாசகர்களின் தேர்வு நாலாபுறமும் சிதறிவிடும். ஒருவர் ஒரு பிரிவில் ஐந்து படைப்புகள் வரை முன்மொழியலாம் என்றிருக்கையில், ஒரு சிறு கூட்டம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு அதே ஐந்து பெயர்களை எழுதினால், சிதறிக் கிடக்கும் பெரும்பான்மையை மீறி இறுதிப் பட்டியலின் ஐந்து இடங்களையும் அதுவே பிடித்துவிடும். 2015இல் ‘சோக நாய்க்குட்டிகள்’ என்றும் ‘வெறிநாய்க்குட்டிகள்’ என்றும் தங்களுக்கே பெயர் சூட்டிக்கொண்ட இரண்டு அணிகள் இதைச் செய்து காட்டின. அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை என்பதுதான் சங்கடம். மற்ற வாசகர்கள் வாக்குச்சீட்டிலேயே இருந்த ‘விருது இல்லை’ என்ற தேர்வைக் கையில் எடுத்தார்கள். அதுவரை இல்லாத அளவில் 5,950 பேர் வாக்களித்த அவ்வாண்டில், ஐந்து பிரிவுகளில் யாருக்கும் விருது இல்லை என்றாயிற்று. அணியின் ஆதரவால் நாவல் பிரிவில் இடம்பெற்ற ஓர் எழுத்தாளர் தாமாகவே விலக, காலியான இடத்தில் வந்து சேர்ந்த லியூ சிசினின் சீன நாவல்தான், ஆங்கில மொழிபெயர்ப்பில், அப்பிரிவின் விருதையும் வென்றது.

2017 முதல் முன்மொழிவுகளை எண்ணும் முறை மாறியது. இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவில் ஒரே ஒரு புள்ளிதான். அவர் எழுதிய படைப்புகள் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். சுற்றுக்குச் சுற்று, மிகக் குறைந்த புள்ளி பெற்ற இரண்டு படைப்புகளில் குறைவான பேர் முன்மொழிந்தது விலக்கப்பட, அதன் பங்கு அதே வாசகரின் எஞ்சிய தேர்வுகளுக்குச் சேரும். அணியாகத் திரண்டவர்களின் ஐந்து படைப்புகளும் ஒரே புள்ளிகளுக்காகத் தமக்குள் மோதிக்கொள்வதால், ஐந்தும் பட்டியலேறுவது கடினமாகிவிட்டது. கணக்குப் பிரியர்கள் வகுத்த அழகான ஏற்பாடு இது. ஆனால் பாமர வாசகருக்கு விளங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

வாக்காளர்கள் கூடிப் பேசிவைப்பதை விதியால் ஓரளவு தடுக்கலாம். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது? 2023இல் சீனாவின் செங்டு நகரில் நடந்த மாநாட்டின் வாக்குக் கணக்கு, விருது வழங்கி ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்து, 2024 ஜனவரியில் வெளியானது. போதிய முன்மொழிவுகள் பெற்றிருந்தும் ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவல் உள்ளிட்ட சில, காரணம் எதுவும் கூறாமல் ‘தகுதியற்றவை’ என்று குறிக்கப்பட்டிருந்தன. நிர்வாகக் குழுவில் சிலர், சீனா, தைவான், திபெத் குறித்துப் போட்டியாளர்கள் எழுதியவற்றையும் பேசியவற்றையும் துருவித் திரட்டியது, அடுத்த மாதம் வெளியான மின்னஞ்சல்களால் தெரியவந்தது. விரிவான கணக்கை வெளியிட வேண்டும் என்று விருதின் விதி வற்புறுத்தியிராவிட்டால் இந்த நாவல் இவ்வாறு விலக்கப்பட்டது யாருக்கும் தெரிந்திருக்காது. கணக்கில் ஒளிந்திருந்த தவறு அந்தக் கணக்காலேயே அம்பலமானது.

2024இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்த மாநாட்டின் நிர்வாகக் குழு, முடிவுகளை அறிவிக்கும் முன்னரே, பதிவான 3,813 வாக்குகளில் 377 செல்லாதவை என்று வெளிப்படையாகச் சொன்னது. முதலெழுத்து மட்டும் அகரவரிசையில் மாறி மற்றபடி ஒன்றாகவே இருந்த குடும்பப்பெயர்கள், அடுத்தடுத்த எண்களின் மொழிபெயர்ப்பாக அமைந்த பெயர்கள் என வாக்காளர் பட்டியலே சந்தேகத்தை எழுப்பியிருந்தது. அவ்வாக்குகள் எண்ணப்பட்டிருந்தால் ஒரு பிரிவில் வெற்றியே மாறியிருக்கும். ஆயினும் அவற்றால் பயனடையவிருந்தவர் யார் என்பதை மட்டும் குழு வெளியிடவில்லை. இந்த ஏற்பாட்டை அவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றில்லை என்று காரணமும் கூறியது. கணக்கைத் திறந்து காட்டுங்கள் என்று வற்புறுத்தும் நானும் அந்த ஒரு மௌனத்தை நியாயம் என்றே ஏற்றுக்கொள்கிறேன்.