ஊறுகாய் ஆலையில் வினிகரும் பிளீச்சும் ஒரே ஸ்டோரில் இருக்கலாமா?

அடுத்த கேள்வி தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருந்து ஒரு அக்கா அனுப்பியது. படிக்கிறேன். "எங்களுடையது சின்ன ஊறுகாய் ஆலை, 14 பேர் வேலை செய்கிறோம். வினிகர், அசெட்டிக் அமிலம், கழுவுகிற பிளீச், காஸ்டிக் சோடா எல்லாம் ஒரே ஸ்டோரில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. தனி அறை கட்ட இடமில்லை. இப்படியே வைத்துக்கொள்ளலாமா?"

கூடாது அக்கா. மூடி இறுக்கமாக இருக்கலாம், ஆனால் அதைத் திறந்துதானே வேலை செய்யப் போகிறீர்கள்.

நம் டர்பன் ஊறுகாய் ஆலைகளின் சிக்கலே இதுதான். மற்ற உணவு ஆலைகளில் அமிலம் என்றால் கழுவுகிற பொருள், எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கும். நமக்கு அது சமையல் சாமான். மாங்காயில் ஊற்றுகிறோம், விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறோம். அதனால் பயம் விட்டுப்போய்விட்டது. ஜிக் என்று நாம் சொல்கிற பிளீச் சோடியம் ஹைப்போகுளோரைட். அதில் வினிகர் பட்டால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியத்தில் பதுங்கு குழிகளை நோக்கி விட்டார்களே, அதே வாயுதான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு படிந்து நிற்கும். குனிந்து தேய்க்கிறவர்தான் முதலில் மாட்டுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையில் இதைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். சனிக்கிழமை மதியம், எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். தரையில் வினிகர் சிந்தியிருந்தது. வழக்கமாகத் தண்ணீர் அடித்துத் தள்ளிவிட்டுத்தான் பிளீச் போடுவோம். அன்றைக்கு ஒரு பையன் நேராக பிளீச் வாளியைக் கவிழ்த்துவிட்டான். குனிந்தவன் இருமிக்கொண்டே எழுந்தான், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். நாங்கள் மிளகாய் நெடி என்று சிரித்தோம். மசாலா அரைக்கிற இடத்தில் ஒருவன் இருமினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் நீச்சல் குளத்து வாடை என் மூக்குக்கும் வந்தது. அவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன். அந்த வாடை வந்தால் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். வாளியை எடுக்கிறேன், துடைக்கிறேன் என்று யாரும் நிற்கக் கூடாது.

சரி, இடம் இல்லை என்கிறீர்கள். இதற்குத் தனி அறை கட்ட வேண்டியதில்லை. வினிகரும் அசெட்டிக் அமிலமும் ஸ்டோரில் இருக்கட்டும். பிளீச்சும் காஸ்டிக்கும் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், பூட்டிய அலமாரிக்குப் போகட்டும். சாவி ஒருவரிடம். கேனுக்கு அடியில் ஒழுகலைப் பிடிக்க ஆழமான தட்டு. கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். வேறு கேனுக்கு மாற்றினால் அதிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள், ஜூலு மொழியிலும் எழுதுங்கள்.

காஸ்டிக் பற்றி ஒன்று: அலுமினியத் தேக்சாவை அதில் ஊறவைக்காதீர்கள். பாத்திரத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது தீப்பிடிக்கும். கரைக்கும்போது தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. கழுவாமல் காரில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அசெட்டிக் அமிலத்தைத் தண்ணீர் கலக்காமல் வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை. அப்படியென்றால் ஜூலை மாதக் குளிர்காலக் காலையில் கேனுக்குள் அது கட்டியாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். 16.6 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உடனே யாராவது கேஸ் அடுப்பைப் பக்கத்தில் வைப்பார்கள். வேண்டாம் அக்கா, 39 டிகிரி வந்தாலே அதன் ஆவி தீப்பற்றும். நெருப்பில்லாத வெதுவெதுப்பான அறையில் வைத்துப் பொறுமையாக உருக விடுங்கள், இல்லை 80 சதவீதக் கரைசலாகவே வாங்குங்கள். டர்பன் குளிரில் அது உறையாது.

சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. நம் நாட்டின் 1993-இன் 85ஆம் எண் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2021-இல் புதிய இரசாயன விதிகள் வந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தாளை சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். முழுதும் படிக்க நேரமில்லை என்றால் 4ஆம் பகுதி முதலுதவி, 10ஆம் பகுதி எதோடு எது சேரக் கூடாது என்பது. இந்த இரண்டையாவது 14 பேருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கடைசியாக, சாக்கடை. மேலே தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, தரைக்கு அடியில் இரண்டும் ஒரே குழாயில் சேர்ந்தால் என்ன பிரயோஜனம்? நாளைக்குக் காலையில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை ஊறுகாய் போடும் பக்கத்துச் சாக்கடையில் ஊற்றுங்கள். கழுவும் பக்கத்து மூடியைத் திறந்து பாருங்கள். மஞ்சள் அங்கே தெரிந்தால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கழுவக் கூடாது. ஒரு பக்கம் கழுவி முடித்ததும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிறையத் தண்ணீர் ஓட விடுங்கள், அப்புறம் மறு பக்கம்.