பெட்டிய திறக்க வேண்டாம், ஸ்கேல் நம்மளோடதா இருக்கட்டும்

நடுவர் அவர்களே, புதுசா ஒண்ண கண்டுபிடிச்சேன்னு ஒருத்தர் வந்தா, காசு போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணியே ஆகணும்ங்கறது எங்க அணி. எதிரணியில பேசின தம்பி ஒரு பாயிண்ட் வச்சாரு, கண்டுபிடிச்சவர்கிட்ட போய் டெஸ்ட் டெஸ்ட்னு நின்னா அவரோட ரகசியம் வெளிய போயிடும், அதுக்குள்ள வேற நாட்டுக்காரன் அள்ளிட்டு போயிடுவான்னு. நல்லா கைதட்டினீங்க. இதே பேச்ச நம்பி பிரான்ஸ் நாட்டு எல்ஃப் எண்ணெய் கம்பெனி 1976ல என்ன ஆச்சுன்னு சொல்றேன் கேளுங்க.

ரெண்டு பேரு வந்தாங்க, ஒருத்தர் பெல்ஜியம், இன்னொருத்தர் இத்தாலி. விமானத்துல எங்க மெஷின வச்சு மேல பறந்தா போதும், பூமிக்கடியில எண்ணெய் எங்க இருக்குன்னு ஸ்க்ரீன்ல படமாவே வரும்னாங்க. எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறி மூணு வருஷம் கூட ஆகல, பிரான்ஸ்ல பேருக்குதான் எண்ணெய் இருக்கு, இப்படி ஒருத்தர் வந்து சொன்னா யாருக்குதான் ஆசை வராது? ஆனா கண்டிஷன், பெட்டிய திறக்கக்கூடாது, வெளி விஞ்ஞானிக்கு மூச்சு விடக்கூடாது. சரின்னுட்டாங்க. துளை போட்டு பாத்தாங்க, எண்ணெய் வரல, அப்பவும் நிறுத்தாம மெஷின இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும்னு சொன்னத கேட்டு 1978ல இன்னொரு ஒப்பந்தம். மொத்தம் நூறு கோடி ஃப்ராங்க் கிட்ட பேசின டீலுங்க அது!

1979லதான் ஜூல் ஹோரோவிட்ஸ்னு ஒரு இயற்பியலாளர கூப்பிட்டாங்க, அணுசக்தி ஆணையத்துல இருந்தவரு. அவரு பெட்டிய திறக்க சொல்லவே இல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கேல் வைக்கிறேன், உங்க மெஷின்ல காட்டுங்கன்னாரு. ஸ்க்ரீன்ல நேரா, அழகா ஒரு ஸ்கேல் வந்துச்சு. ஆனா வைக்கும்போதே மனுஷன் அத சத்தமில்லாம வளைச்சு வச்சிருந்தாரு.

தம்பி, இதுல எந்த ரகசியம் வெளிய போச்சு? ஒரு ஸ்கேல் என்ன விலை? முதல் நாளே பண்ணியிருக்க வேண்டிய வேலை இது, மூணு வருஷம் கழிச்சு பண்ணினாங்க.

நம்ம ஊர்லயும் நடந்துச்சே, 1996ல மூலிகை பெட்ரோல். தண்ணில இலைய போட்டு கலக்கினா பெட்ரோல்னதும் பெரிய பெரிய ஆளுங்களே அசந்து நின்னாங்க, நானும் பேப்பர்ல படிச்சுட்டு ஊரெல்லாம் சொன்னவன்தான். கலக்கின குச்சிக்குள்ளயே எரிபொருள ஒளிச்சு வச்சிருந்தாருன்னு அப்புறம் விஞ்ஞானிங்க சொன்னாங்க. குச்சிய டெஸ்ட் பண்றவங்க கொண்டு வந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். 2016லதான் சென்னை சிபிஐ கோர்ட் அத கண்டுபிடிச்சதா சொன்னவருக்கு மூணு வருஷம் தண்டனை குடுத்துச்சு, இருபது வருஷம்! நிஜமாவே சோலார்லயோ பேட்டரிலயோ ராப்பகலா உழைக்கிறவனுக்கு போக வேண்டிய காசும் நம்பிக்கையும் இப்படித்தாங்க கரையுது.

கடைசியா, முதலீடு பண்றவன் ரிஸ்க் எடுத்துட்டு போறான், உங்களுக்கென்னன்னு கேட்டாரு. எல்ஃப்ல பெரும்பங்கு அரசோடது தம்பி. ரிஸ்க் எடுத்தது அந்த ஊர் ஜனங்க, அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சதே 1983 டிசம்பர்ல ஒரு பத்திரிகை போட்டு உடைச்சப்போதான்.