ஒரு மூடி சேத்தி ஊத்து

(கோபிசெட்டிபாளையத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

எங்க அப்பிச்சி மஞ்சக்காட்டுக்கு மருந்தடிக்கும்போது டேங்கில் தண்ணி ஊற்றுவது என் வேலை. டப்பாவில் பத்து லிட்டருக்கு இருபது மில்லி என்று போட்டிருக்கும். அளந்து ஊற்றிவிட்டு, "ஒரு மூடி சேத்தி ஊத்துடா கண்ணு, கேக்கோணுமல்ல" என்பார். கேட்கும், சரி. அந்த மூடி இல்லாமலே கேட்டிருக்குமா என்று எந்த வருசமும் பார்த்ததில்லை.

மனுசருக்கான மருந்திலும் இது நடந்திருக்கிறது. எய்ட்ஸுக்கு முதலில் வந்தது ஸிடோவுடின். 1987-ல் முடிவு வெளியான சோதனையில் நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா 250 மில்லிகிராம், ஆக ஒரு நாளைக்கு 1500. ராத்திரியும் எழுந்து விழுங்க வேண்டும். நிறையப் பேருக்கு ரத்தசோகை வந்தது. 1990-ல் அமெரிக்காவில் 600-க்கு இறக்கினார்கள்.

வேலை செய்வதில் மிகக் குறைந்த அளவு எது? ரத்த அழுத்த மருந்து ஒன்றை 5, 10, 20, 40 மில்லிகிராம் என்று நாலு குழுவுக்குக் கொடுக்கிறோம். ஐந்தாவது குழுவுக்கு மருந்தில்லாத மாத்திரை. நாலையும் தனித்தனியே அதோடு ஒப்பிட்டு, தற்செயலை மருந்தின் பலன் என்று நம்பிவிடும் தவறை ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் அனுமதித்தால், ஒன்றுக்கும் உதவாத மருந்துகூட எங்காவது ஜெயித்துவிடலாம். நாலும் ஒன்றையொன்று சாராதவை என்றால் அந்த வாய்ப்பு 18 சதவீதத்தைத் தாண்டும்.

அதனால் மேலிருந்து இறங்குவார்கள். முதலில் 40. அது தேறினால்தான் 20. அப்புறம் 10. தோற்ற இடத்தில் நின்று, அதற்கு மேற்படியைக் குறித்துக்கொள்வார்கள். 10 தோற்ற பிறகு 5-ஐ எட்டிப் பார்க்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு இருப்பதால் 5 சதவீதத்தை நாலாகப் பங்கு போட வேண்டியதில்லை.

1971-ல் வில்லியம்ஸ் என்கிற புள்ளியியலாளர் இன்னொரு வழி சொன்னார். அளவு கூடினால் பலன் குறையாது என்று வைத்துக்கொள்வது. 10-க்கு அழுத்தம் 9 புள்ளி இறங்கி, 20-க்கு 8 மட்டும் இறங்கினால், அதைத் தற்செயல் என்று எடுத்து இரண்டையும் 8.5 ஆக்கிவிடுவது. குழுக்களில் ஆட்கள் சமமாக இருந்தால்தான் இந்த நேர் சராசரி. அழகான வேலை. ஆனால் உச்சம் தாண்டியதும் பலன் சரிகிற மருந்தில் இது நம்மை ஏமாற்றும்.

பேச்சு முடிந்ததும் ஓர் அம்மா எழுந்தார். "அப்போ தோத்த அளவு வேலையே செய்யாதுங்களா?" அப்படியில்லீங்க. குழுவுக்கு 20 பேர் என்றால் தோற்கிற 10 மில்லிகிராம், 200 பேர் என்றால் தேறலாம். மருந்து அதேதான். ஆகவே எத்தனை புள்ளி இறங்கினால் நோயாளிக்குப் பிரயோசனம் என்று டாக்டர்கள் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

"அப்படின்னா என் பிரசர் மாத்திரையப் பாதியா ஒடச்சுக்கட்டுங்களா?"

அது உங்க டாக்டர்கிட்டக் கேக்கோணுமுங்க என்றேன்.