கண்ணில் வளரும் சதை புற்றுநோயா?

வாகரையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, இளம் வயதிலிருந்தே கடலுக்குப் போகிறவர். ஒரு கண்ணில், மூக்குப் பக்கமாகச் சதை வளர்ந்து கருவிழியை நோக்கி வருகிறதாம். இது புற்றுநோயா, அது யாருக்கு வரும் என்று கேட்கிறார்.

பெரும்பாலும் இது டெரிஜியமாக இருக்கும் மகள். முக்கோணமாக, தட்டையாக, வருடக்கணக்கில் மெதுவாக வளரும். கடலிலும் வயலிலும் வேலை செய்கிறவர்களிடம் நிறையப் பார்க்கிறோம். அது புற்றுநோய் அல்ல. ஆனால் கண்ணின் மேற்பரப்பில் வரும் புற்றும் அநேகமாக அதே இடத்தில், வெண்விழியும் கருவிழியும் சேரும் விளிம்பில்தான் தொடங்குகிறது. அதனால் கண்ணைப் பார்க்காமல் 'ஒன்றுமில்லை' என்று நான் சொல்ல மாட்டேன். சதை ஜெலி மாதிரித் திரண்டிருந்தாலோ, மேலே வெள்ளையாகப் படிந்திருந்தாலோ, தடித்த இரத்தக் குழாய்கள் அதை நோக்கி ஓடினாலோ, சில மாதங்களிலேயே பெருத்தாலோ தாமதிக்க வேண்டாம்.

யாருக்கு வரும்? முதல் காரணம் வெயில், அதிலுள்ள புற ஊதாக் கதிர். 1996இல் வந்த ஓர் ஆய்வில், பூமத்திய ரேகையிலிருந்து 10 பாகை விலக விலக இந்தப் புற்று ஏறக்குறைய பாதியாகக் குறைவதைக் கண்டார்கள். நாங்கள் இருப்பது ஏறக்குறைய எட்டுப் பாகையில்தான். கடலில் தண்ணீர் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் சேர்கிறது. புகைப்பவர்கள், எச்.பி.வி. என்ற, மரு வரவைக்கும் வைரஸ் தொற்று உள்ளவர்கள், சிறுநீரகம் மாற்றி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், இவர்களுக்கும் ஆபத்துக் கூட. இளம் வயதில் இந்தக் கட்டி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்வோம். தயவுசெய்து அதை அவமானமாக எடுக்காதீர்கள். சிலருக்கு அந்தத் தொற்று இருப்பதே கண்ணில் வரும் இந்தக் கட்டியால்தான் தெரியவருகிறது. கட்டி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

ஆரம்பத்தில் வந்தால் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு வெட்டி, விளிம்பைக் கடுங்குளிரால் உறையவைத்துச் சரிசெய்யலாம். சிலருக்குச் சொட்டு மருந்தே போதும். விட்டுவிட்டால் கண்ணுக்குள்ளே இறங்கி, கண்ணையே எடுக்க வேண்டி வரலாம்.

நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: டெரிஜியம் என்று நினைத்து வெட்டினாலும், அந்தச் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் சதைக்குள்ளும் சிலவேளை புற்று இருக்கும். பாமசியில் தாங்களாகவே ஸ்டீரொயிட் சொட்டு வாங்கி விடவும் வேண்டாம். சிவப்பு வற்றும், கட்டி வற்றாது. அதை நம்பி மாதங்கள் போய்விடும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வந்துபோவதென்றால் அப்பாவுக்கு ஒரு நாள் தொழில் போய்விடும், தெரியும். ஆனாலும் கூட்டி வாருங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அகன்ற தொப்பியும் அவருக்கு மட்டுமல்ல, அவரோடு தோணியில் போகிற பொடியன்களுக்கும் வேண்டும்.