ஆன்செலோட்டியை வெல்ல வைத்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கால்பந்துப் பயிற்சியாளர் கார்லோ ஆன்செலோட்டியின் வெற்றிக்குக் காரணம் அவருடைய திறமையா, கையில் கிடைத்த நட்சத்திரங்களா என்பது தலைப்பு. திறமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

மிலானில் காகா, மாட்ரிட்டில் ரொனால்டோ. இப்படிப்பட்டவர்கள் இருந்தால் யார் பயிற்சியாளராக இருந்தாலும் கோப்பை வரும் என்று எதிரணி நண்பர் முழங்கிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். ஐயா, மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரையும் ஒரே அணியில் வைத்திருந்த பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், ஐரோப்பியக் கழக அணிகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில், 2022இல் 16 அணிகள் சுற்றோடு மூட்டை கட்டியது. மூட்டை கட்ட வைத்தது யார்? ஆன்செலோட்டியின் ரியல் மாட்ரிட்!

நட்சத்திரத்தை எப்படிக் கையாள்வது என்பதை அவர் பிறக்கும்போதே அறிந்திருக்கவில்லை. ஆட்டக்காரராக இருந்தபோது பயிற்சியாளர் சாக்கியின் மிலானில் 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) வென்றவர். சாக்கியின் 4-4-2 வியூகம், அதாவது தற்காப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்வரிசையில் இருவர், அவருக்கு வேதவாக்கு. 1997இல் பார்மாவின் பயிற்சியாளராக இருந்தபோது, தன் வியூகத்தில் இடமில்லை என்று நட்சத்திர ஆட்டக்காரர் ராபர்ட்டோ பாஜியோவையே வேண்டாம் என்றார். பாஜியோ போலோன்யாவுக்குப் போய் அந்த சீசனில் லீகில் 22 கோல் அடித்தார். ஆன்செலோட்டி பிற்பாடு வருந்தினார். வருந்தியதோடு நிற்கவில்லை, மாறினார். யுவென்டஸில் ஜிடேனுக்காக வியூகத்தையே மாற்றினார். மிலானில் முன்வரிசைக்குப் பின்னால் ஆடிப் பழகிய பிர்லோவைத் தற்காப்புக்கு முன்னால் இறக்கி ஆட்டத்தை நடத்த விட்டார். பிரெசியா அணியில் பயிற்சியாளர் மாட்சோனே இதை முன்பே செய்தாரே என்பார்கள், உண்மைதான். ஆனால் பிர்லோ, செடோர்ஃப், ருய் கோஸ்டா மூவரையும் ஒரே நடுக்களத்தில் சேர்த்து 2003இல் ஐரோப்பாவை வென்றது மாட்சோனே அல்லவே!

2005 இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக மிலானின் 3-0 முன்னிலையைக் கோட்டைவிட்டாரே என்றார்கள். விட்டார். இரண்டே ஆண்டில், 2007இல், ஏதென்ஸில் அதே லிவர்பூலை வீழ்த்திக் கோப்பையை எடுத்ததை மட்டும் நண்பர் வசதியாக விழுங்கிவிட்டார்.

கடைசியாக ஓர் ஆட்டம். 2022 மே 4, ரியல் மாட்ரிட்டின் பெர்னாபு மைதானம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி 4-3 என வென்றிருந்தது. 68ஆவது நிமிடத்தில் குரூஸை வெளியே அழைத்து ரோட்ரிகோவை இறக்குகிறார் ஆன்செலோட்டி. 73இல் சிட்டியின் மாரெஸ் கோல் போட, மொத்தக் கணக்கு 5-3. மனிதர் பதறவில்லை. மோட்ரிச், காசெமிரோ இருவரையும் வெளியே அழைக்கிறார். 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் வென்ற நடுக்களம் முழுவதும் இப்போது பெஞ்சில்! 90ஆவது நிமிடத்தில் ரோட்ரிகோ ஒரு கோல். மறு நிமிடமே இன்னொன்று. கூடுதல் நேரத்தில் பென்ஸேமாவின் பெனால்டி. மொத்தம் 6-5.

நட்சத்திரங்களால்தான் வென்றார் என்கிறீர்களே, அந்த மூன்று நட்சத்திரங்களையும் பெஞ்சில் உட்கார வைக்கச் சொன்ன நட்சத்திரம் எது? அடுத்து வரும் எதிரணி நண்பர் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் உரையைத் தொடங்கட்டும், நடுவர் அவர்களே.